ஆமணக்கு தின்ற புழு

போன மாதம் வேளாண் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் திருத்தணியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பூச்சியியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், உள்ளூரிலேயே இருப்பவள் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். "நல்ல அனுபவங்களா ரெண்டு சொல்லுங்க மேடம், புதுசா வந்தவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார் ஏற்பாடு செய்தவர். எனக்கு முன்னால் பேசிய இளைஞர் தன் செல்போனைத் தூக்கிக் காட்டினார். இலையில் இருக்கும் புழுவைப் படம் எடுத்தால் அதன் பெயர் வருகிறது. பெயருக்குக் கீழே மருந்து. மருந்துக்குக் கீழே, ஒரு டேங்குக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்ற அளவு.

"இனிமே வயல்ல நின்னு மண்டைய ஒடச்சிக்க வேணாம் மேடம்" என்றார் என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

"புழு எந்தச் செடியைத் தின்னுதுன்னு இது கேக்குதா?" என்றேன்.

"கேக்காது மேடம். புழு எதுன்னு தெரிஞ்சா போதுமே."

இந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டியே என் உத்தியோகக் காலம் போனது. அன்றைக்கும் மல்லுக்கட்டினேன். கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசினேன். ஏற்பாடு செய்தவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பார்க்காதது போல் இருந்துவிட்டேன். யாரும் உற்சாகமாக வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. ஒரு பெண் மட்டும் படியிறங்கும்போது கூடவே வந்து, "இதையெல்லாம் எழுதி வைங்க மேடம், நாங்க படிச்ச புத்தகத்துல இப்படி இல்ல" என்றாள். எழுதுகிறேன். யாருக்காவது கசந்தால் கசக்கட்டும்.

விஷயம் எளிமையானது. நாங்கள் புரோடீனியா என்று சொல்லும் வெட்டுப்புழு, கண்ட செடியையும் தின்னும். ஒரே தாய் அந்துப்பூச்சியின் முட்டைகளில் பொரித்த குஞ்சுகளைப் பிரித்து, ஒரு பங்குக்கு வேர்க்கடலை இலையும் இன்னொரு பங்குக்கு ஆமணக்கு இலையும் போட்டு வளர்த்துப் பாருங்கள். ஆமணக்கு தின்றது சீக்கிரம் தோல் உரிக்கும், சீக்கிரம் பருக்கும். கூட்டுப்புழுவாகும்போது கையில் வைத்தாலே கனம் தெரியும். அதிலிருந்து வரும் அந்து நிறைய முட்டை இடும். பெயர் ஒன்று, தாய் ஒன்று. தின்ற இலை வேறு என்பதால் உடம்பு வேறாகிவிடுகிறது. அந்த உடம்புக்குள் போகும் மருந்தின் கதியும் வேறாகிவிடுகிறது. இதைச் சொன்னதற்குத்தான் எனக்கு மெமோ வந்தது.

என் அப்பா மணவூரில் ரயில் பாதை வேலை செய்தவர். எங்கள் குடும்பத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பது மூன்று தலைமுறைப் பழக்கம். பெண்கள் படித்தால் நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர். நான் வேளாண்மைக் கல்லூரிக்குப் போய், அதிலும் பூச்சியை எடுத்துப் படிக்கிறேன் என்றபோது சபையில் எல்லோரும் சிரித்தார்கள். "எஸ்தர் புழு மேய்க்கப் போறா" என்றார்கள். கேலி சரியாகத்தான் இருந்தது. படித்து முடித்து, திருத்தணியில் அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு சின்னப் பூச்சி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் நாளிலிருந்து புழுதான் மேய்த்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஜெயராமுலு சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. புழு வளர்க்கும் அறை வாசலில் செருப்பைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். காலை வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் கிடையாது. "இன்னைக்கு என்ன குடுத்த?" என்பார். சாப்பாட்டைக் கேட்கிறார். என்னுடையதை அல்ல, புழுவினுடையதை.

செடியின் உச்சியிலிருந்து எண்ணி எப்போதும் ஒரே இடத்து இலையைத்தான் பறிக்க வேண்டும். தளிர் கூடாது, முற்றலும் கூடாது. பறித்ததைக் கழுவி, துணியால் ஒற்றி, காம்பில் ஈரப் பஞ்சு சுற்றி வைக்க வேண்டும். இலையில் சொட்டு நீர் நின்றாலும் புழுவுக்குக் கழிச்சல் வரும். ஒவ்வொரு டப்பாவிலும் காலையில் எச்சத்தை வாரிக் கொட்டிவிட்டுப் புது இலை போட வேண்டும். புழுவை விரலால் தொடக் கூடாது, மெல்லிய தூரிகையால்தான் எடுக்க வேண்டும். எடை போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பட்டினி போட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் கிடக்கும் இலையின் எடையைத்தான் போடுவோம். கைக்குப் பவுடர் போடக் கூடாது, தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் வரக் கூடாது. கல்யாணம் ஆன புதிதில் பூ வைத்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "வெளிய ஒரு ஆணி இருக்கு, அதுல மாட்டிட்டு வாம்மா" என்றார். மாட்டிவிட்டு வந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், செடி வரைக்கும் போகச் சோம்பல்பட்டு, முந்தின நாள் பறித்துப் பானையில் வைத்திருந்த இலையைப் போட்டுவிட்டேன். உள்ளே வந்தவர் ஒரு டப்பாவைத் திறந்து இலையை முகர்ந்து பார்த்தார். அந்த வரிசை முழுவதையும் எடுத்துப்போய்க் கொதிநீரில் கொட்டிவிட்டு வந்து, "வாடின இலை தின்ன புழு வேற புழு. நம்ம கேள்விக்கு அது பதில் சொல்லாது. முட்டையிலிருந்து ஆரம்பி" என்றார். அந்த வார்த்தையைத்தான் பிற்பாடு அவர் முன்னாலேயே எடுத்துவைக்க வேண்டி வந்தது.

ஒரு பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதத் தொடக்கத்தில் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வேர்க்கடலையைப் புரோடீனியா மொட்டையடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்குச் சாகவில்லை என்று புகார். மருந்துக் கடையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருந்து அசல், வீரியமும் சரி என்று வந்துவிட்டது. அப்படியென்றால் தப்பு யார்மேல்? ஊரில் கூலிக்கு மருந்து அடித்தவன் ஒரே ஆள், ஏழுமலை. பாதி மருந்தை விற்றுவிட்டுத் தண்ணீர் கலந்து அடித்திருக்கிறான் என்று பேச்சுக் கிளம்பியது. பெரிய நிலக்காரர் பாஸ்கரன், ஏழுமலை வீட்டுக்குப் போய் அவனுடைய ஸ்பிரேயர் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் மனைவி சாந்தியைக் களையெடுக்கக்கூடக் கூப்பிடவில்லை.

வயலைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். பாஸ்கரன் நிலத்தில் நான் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது, வரப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"மேடம், நான் ஏழுமலை" என்றான். "திருடல மேடம். டப்பால போட்டுகீற அளவுதான் ஊத்தினேன். காத்துக்கு எதிர்ல நின்னு அட்ச்சி மூஞ்செல்லாம் எரிஞ்சிது. எனக்கே எரிஞ்சிது, அதுக்கு இன்னா மேடம், சாவாம கீது?"

அவன் கேட்டது ஒரு நல்ல கேள்வி. பதில் எனக்கும் தெரியவில்லை. ஆனால் கண்ணில் ஒன்று பட்டது. வயல் நடுவில் செத்த புழுக்கள் மண் விரிசலில் சுருண்டு கிடந்தன. ஓரத்துக்கு வர வரச் செத்தவை குறைந்தன. ஓரமெங்கும் ஆமணக்கு வரிசை. ஒவ்வொரு இலையும் வெறும் நரம்பாக நின்றது. அந்தச் செடிகளின் அடியில் கட்டியை உடைத்தால் கறுத்து, கொழுத்து, விரல் தடிமனில் புழு நெளிந்தது.

அந்த ஆமணக்கை வைக்கச் சொன்னவர்கள் நாங்கள். விதையும் நாங்கள் கொடுத்ததுதான். தாய் அந்து கடலையை விட்டுவிட்டு ஆமணக்கில் முட்டையிடும் என்பது திட்டம். திட்டத்தில் தப்பில்லை. முட்டைக் குவியலையும், குஞ்சுகள் கூட்டமாகச் சுரண்டி வெள்ளைக் காகிதம்போல் ஆக்கிவிட்ட இலைகளையும் தினமும் கிள்ளி அழிக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. அந்த மறுபாதியை ஊரில் யாரும் சொல்லவே இல்லை. எங்கள் துறைக்காரர்கள் விதைப் பொட்டலத்தைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். எதிரியைப் பிடிக்க வைத்த செடி, எதிரிக்குச் சோறு போட்டு வளர்த்து, கடைசியில் கடலைக்குள் இறக்கி விட்டுவிட்டது.

புழுக்களையும், பாஸ்கரன் வீட்டில் மிச்சம் இருந்த மருந்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வயல் புழுக்களை அந்தாகும் வரை வளர்த்து, அவை இட்ட ஒரு முட்டைக் குவியலிலிருந்து தொடங்கினேன். பொரித்த குஞ்சுகளை மூன்றாகப் பிரித்தேன். ஒன்றுக்கு ஆமணக்கு, ஒன்றுக்கு வேர்க்கடலை, மூன்றாவதற்குக் கொண்டைக்கடலை மாவில் நாங்களே கிண்டும் ஆய்வுக்கூடச் சாப்பாடு. மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது சாப்பாட்டில் வளர்ந்த புழுவை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். வளர்ந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. மாவு தின்றவை விழுந்தன. கடலை தின்றவையும் பெரும்பாலும் விழுந்தன. ஆமணக்கு தின்றவற்றில் பாதிக்கு மேல், கொஞ்சம் தள்ளாடிவிட்டு, மறுநாள் இலையைக் கடித்துக்கொண்டிருந்தன.

ஜெயராமுலு சார் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"குண்டுப் புழுவுக்கு மருந்து பத்தல. இதுல என்ன இருக்கு?" என்றார். "எடையைச் சமமாக்கு. ஒரே பருவம், ஒரே எடை. முதுகுல சொட்டு வை. அப்பவும் வித்தியாசம் வந்தா என்கிட்ட வா."

நியாயமான கேள்வி. நல்ல விஞ்ஞானி கேட்கிற கேள்வி. மறுபடியும் முட்டையிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை ஆமணக்குக் குஞ்சுகளைக் கொஞ்சம் பிந்திப் பொரிக்க வைத்து, எடை சமமாக வரும் வேளையைக் கணக்கிட்டேன். அந்த வேளை வந்து விழுந்தது ஆடிக் கிருத்திகை சமயத்தில்.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் என்ன என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. தெருவெல்லாம் பூக்காவடி, மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை, மேளம். ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை. புழுவுக்கு ஏது விடுமுறை? அன்று சாப்பாடு தவறினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. பை நிறைய ஆமணக்கு இலையும் கடலைக் கொடியுமாகக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தேன். தடுப்பருகே ஒரு பெண் போலீஸ் நிறுத்தினார்.

"இப்டிக்கா போவக்கூடாதும்மா. சாமி பாக்கறவங்க அந்தப் பக்கம்."

"சாமி பாக்க வரலம்மா. புழுவுக்குச் சாப்பாடு எட்துகினு போறேன்."

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "சரி, ஓரமா போங்க" என்றார். காவடிக்காரர் ஒருவர் என் பையை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார். நானும் தலையாட்டிவிட்டுப் போனேன்.

கட்டடத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன். வளர்ப்பு அறை வாசலில் ஜெயராமுலு சாரின் செருப்பு கிடந்தது. உள்ளே முழங்கை வரை மடித்த சட்டையோடு டப்பாக்களில் எச்சம் வாரிக்கொண்டிருந்தார். "நீ வர முடியாதுன்னு நினைச்சேன்" என்றார். இருவரும் எல்லா டப்பாவுக்கும் இலை வைத்தோம். பட்டினி போட்டு, எடை பார்த்து, சமமானவற்றைப் பொறுக்கி, ஊசி முனையால் ஒவ்வொன்றின் முதுகிலும் தலைக்குப் பின்னால் ஒரே அளவு சொட்டு வைத்தேன். அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சொட்டையும் பார்த்தார். மலைமேலிருந்து அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முடிவு வந்தபோது வித்தியாசம் குறைந்திருந்தது. போய்விடவில்லை. எடை சமமாக இருந்தும் ஆமணக்குப் புழுக்கள் கூடுதலாகப் பிழைத்தன. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ள இலையில் சில கசப்பு நஞ்சுகளை வைத்திருக்கின்றன. அதைத் தின்று பழகிய புழுவின் குடலில் நஞ்சை உடைக்கும் நொதிகள் கூடுதலாகச் சுரக்கலாம். நம் மருந்தையும் அதே நொதிகள் கொஞ்சம் உடைத்துவிடலாம். கொழுத்த உடம்பில் மருந்து போய்ச் சேரும் இடமும் வேறு. இவற்றில் எது எவ்வளவு என்று என்னால் அப்போது சொல்ல முடியவில்லை. ஆனால் ஏழுமலை தண்ணீர் கலக்காமலே அந்தப் புழு பிழைக்கும் என்று சொல்ல முடிந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றார். பிறகு, "இதை இப்போ வெளிய சொல்ல வேணாம்" என்றார்.

"ஏன் சார்?"

"விதை கொடுத்தது யாரு? நம்ம திட்டமே புழு வளர்த்துதுன்னு பேப்பர்ல வரும். மேல இருக்கறவங்க திட்டத்தையே நிறுத்திடுவாங்க. ஆமணக்கு வரப்பு நல்ல யோசனை எஸ்தர். அதைக் கொண்டுவர நான் எத்தனை பேர்கிட்ட நின்னேன்னு உனக்குத் தெரியாது."

"அப்ப அறிக்கையில என்ன எழுதறது?"

"எழுதியாச்சு. தெளிப்பு முறையில் குறைபாடு. இனிமே அளவைக் கூட்டி அடிக்கணும்."

"தெளிப்பு முறைன்னா ஏழுமலைதானே சார்?"

"நான் யார் பேரும் எழுதலையே."

"அந்த ஊர்ல மருந்து அடிக்கிறவன் ஒருத்தன்தான் சார். பேரே எழுத வேணாம். அப்புறம், அளவைக் கூட்டினா அதை முதுகுல சுமந்து மூச்சுல இழுக்கப் போறவனும் அவன்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஊர்ல நடக்கற மீட்டிங்ல நான் பேசறேன். நீ கூட வந்தா போதும்" என்றார்.

இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள், மேலதிகாரி பேசும்போது நான் குறுக்கே விழுந்தேன் என்று. குறுக்கே விழவில்லை. அவர் அறிக்கையைப் படித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். கிராமத்துப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூட்டம். முன்வரிசையில் பாஸ்கரன். நிழல் முடிகிற இடத்துக்கு வெளியே, வெயிலில் ஏழுமலையும் சாந்தியும். "தெளிப்பு முறையில் குறைபாடு" என்று சார் படித்ததும் பாஸ்கரன் திரும்பி ஏழுமலையைப் பார்த்தார். எல்லாத் தலைகளும் திரும்பின. சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்தேன். பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து, பாஸ்கரன் உள்ளங்கையில் ஒன்றிலிருந்து ஒரு புழுவையும் மற்றதிலிருந்து இன்னொரு புழுவையும் விட்டேன். அவர் கையை உதறப் பார்த்தார்.

"கடிக்காதுங்க. ரெண்டும் கூடப் பொறந்ததுங்க. ஒரே நாள்ல பொரிச்சது. எது பெருசு?"

"இது குண்டா கீது மேடம்."

"அது ஆமணக்கு தின்னுது. இது கடலை இலை தின்னுது. உங்க வீட்ல இருந்து வாங்கின அதே மருந்தை, தண்ணி கலக்காம, சரியான அளவுல இதே மாதிரி ரெண்டு கூட்டத்துக்கும் வெச்சேன். சின்னதுங்க பெரும்பாலும் செத்துப்போச்சு. பெருசுங்கள்ல பாதிக்கு மேல சாகல. ஏழுமலை பக்கத்துல இல்ல. நான்தான் வெச்சேன். அப்ப நானும் மருந்தைத் திருடினேனா?"

பாஸ்கரன் கையில் இருந்த புழுவையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஆமணக்கு வெத குட்த்தது நீங்கதான மேடம்?"

"ஆங். நாங்கதான் குடுத்தோம். தினமும் முட்டையையும் குஞ்சு இருக்கற இலையையும் கிள்ளிப் போடணும்னு சொல்லாம குடுத்தோம். புழு வளந்தது அதனால. அளவைக் கூட்டி அடிச்சா மருந்து அடிக்கிறவன் முதல்ல விழுவான், புழு அப்புறம்தான்."

ஒரே இரைச்சல். ஒருவர் எழுந்து ஜெயராமுலு சாரை நேராகக் கேட்டார். "சார், நீங்க ஒன்னு சொல்றீங்க, இந்தம்மா ஒன்னு சொல்றாங்க. இவங்க பண்ண சோதன நெஜமா, பொய்யா?"

சார் கையில் இருந்த தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். என்னை ஒரு பொய்யாக்கிவிட அவருக்கு ஒரு சொல் போதும்.

"சோதனை சரியா நடந்திருக்கு" என்றார். "ஒவ்வொரு சொட்டு வைக்கும்போதும் நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாஸ்கரன் வெயிலில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, "டேய் ஏழுமல, நாளைக்கு வந்து டேங்க்க எட்துகினு போ" என்றார். அவர் குரலில் வருத்தமோ மன்னிப்போ இல்லை.

ஏழுமலை நிழலுக்குள் வந்தான். "நீங்கதான எட்துகினு போனீங்க நைனா. ஊரே பாத்துச்சி. நீங்களே கொண்டாந்து குடுங்க" என்றான்.

அந்த ஊரில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் அன்று பேசியதைப் பெரிய தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சம்பளமும் பென்ஷனும் இருந்தன. அவனுக்கு அந்த ஊரை விட்டால் வேலை இல்லை. மறுநாள் காலை பாஸ்கரன் தன் டிவிஎஸ் வண்டியில் டேங்கைக் கட்டிக்கொண்டு போய் ஏழுமலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார் என்று சாந்தி சொன்னாள். பேசவில்லையாம். ஆனால் தெருவில் எல்லோரும் பார்க்கும்படி இறக்கினாராம்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் வேலை நடந்தது. பெண்கள் காலையில் ஆமணக்கு வரிசையில் நடந்து, பஞ்சு ஒட்டினதுபோல் இருக்கும் முட்டைக் குவியல்களையும் சல்லடை விழுந்த இலைகளையும் கிள்ளிச் சாணி கரைத்த தண்ணீரில் போட்டார்கள். சாந்திதான் முன்னால் நடந்தாள். வளர்ந்துவிட்ட கொழுத்த புழுக்களைக் கையால் பொறுக்கினார்கள். ஓரத்துக் கடலை போனது போனதுதான், அதை நான் மறைக்க மாட்டேன். நடு வயல் நின்றது. அடுத்த தலைமுறை அந்து வந்தபோது முட்டையிட்டது, ஆனால் குஞ்சு வளரவில்லை. அளவைக் கூட்டி யாரும் மருந்து அடிக்கவில்லை. திட்டத்தையும் யாரும் நிறுத்தவில்லை. சார் பயந்த எதுவும் நடக்கவில்லை.

எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பொதுக்கூட்டத்தில் துறைக்கு விரோதமாகப் பேசியதற்கு விளக்கம் கேட்டு. கீழே ஜெயராமுலு சாரின் கையெழுத்து. வீட்டுக்காரர் படித்துவிட்டு, "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை போட்டுடேன் எஸ்தர், முடிஞ்சிடும்" என்றார். அவர் பயந்தவர் இல்லை, களைத்தவர். நான் போடவில்லை. 'நான் பேசியதில் எந்தச் சொல் தவறு என்று குறிப்பிட்டால் திருத்திக்கொள்கிறேன்' என்று எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சார் படித்தார். "இதுக்கு நான் என்ன பதில் எழுதறது?"

"தப்பான சொல்லைக் காட்டுங்க சார்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். "டிரான்ஸ்ஃபர் வருது. தெற்கே ஒரு மண் பரிசோதனை நிலையம். அங்க பூச்சி வேலை கிடையாது. என்னால நிறுத்த முடியல" என்றார். நிறுத்தப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது எனக்குத் தெரியாது. அவரிடம் கற்றதை வைத்துத்தான் அவரை எதிர்த்தேன். அதை அவரும் அறிவார்.

"வளர்ப்புல இருக்கற புழுவெல்லாம்?" என்று கேட்டார்.

"எட்துகினு போறேன் சார்."

"எதுல?"

"டிபன் கேரியர்ல."

முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. "மூடியில ஓட்டை போடு" என்றார்.

போட்டேன். அடித்தட்டில் ஈர மணலும் கூட்டுப்புழுவும். நடுத்தட்டில் புழு. மேல்தட்டில் இலை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கீரையா?" என்றார். "புழுவுக்கு இலைம்மா" என்றேன். அடுத்த ஸ்டாப்பில் அவர் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார். ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது.

மண் பரிசோதனை நிலையத்து அதிகாரி இளைஞர். என் உத்தரவை இரண்டு முறை படித்தார். "இங்க மண்ணு மட்டும்தான் மேடம். பூச்சி ஆராய்ச்சி எதுவும் செய்யக் கூடாதுன்னு தெளிவாவே சொல்லியிருக்காங்க."

"படிச்சேன் சார். என் மேசை எது?"

ஜன்னலோரம் ஒன்றைக் காட்டினார். டிபன் கேரியரை அதன்மேல் வைத்து, தட்டுகளைப் பிரித்தேன்.

"சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகலையே மேடம்" என்றார்.

"இதுங்களுக்கு ஆயிடுச்சி சார்" என்றேன்.